டி பியர்ஸை போட்ஸ்வானா வாங்கலாமா?

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: "மொத்தமே இருபத்து மூன்று லட்சம் பேர் இருக்கிற, கடல் இல்லாத ஒரு ஆப்பிரிக்க நாடு உலகின் பெரிய வைரக் கம்பெனியையே விலைக்குக் கேட்கிறதாமே, அவ்வளவு தைரியம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அது சரியான முடிவா?"

தைரியம் புதிது இல்லை. அவர்களுடைய வெளியுறவு வரலாறே பேரம் பேசிய வரலாறுதான். முடிவு சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் முன்கதை தெரியாமல் சொன்னால் அந்தச் சந்தேகம் புரியாது.

1895-இல் இருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு அந்த நாட்டின் பெயர் பெச்சுவானாலாந்து, பிரிட்டனின் 'பாதுகாப்பில்' இருந்த பகுதி. சிசில் ரோட்ஸ் என்ற பிரிட்டிஷ் சுரங்க முதலாளி அதைத் தன் கம்பெனியிடம் கொடுத்துவிடும்படி லண்டனை நெருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே பக்கம்) அவருடைய கம்பெனி ஆட்சி என்ன செய்தது என்று இவர்களுக்குத் தெரியும். மூன்றாம் காமா, முதலாம் செபெலே, முதலாம் பத்தோயென் என்று மூன்று குலத்தலைவர்கள் கப்பலேறி லண்டன் போனார்கள். குடியேற்ற அமைச்சர் சேம்பர்லினைப் பார்த்தார்கள், அதோடு நிற்கவில்லை, ஊர் ஊராகப் போய் தேவாலயங்களிலும் கூட்டங்களிலும் பேசி பிரிட்டிஷ் மக்களின் அனுதாபத்தைச் சம்பாதித்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் நேரடி லாபியிங். கடைசியில் ரயில் பாதைக்கு ஒரு பட்டை நிலத்தை மட்டும் விட்டுக்கொடுத்து மீதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த ஆண்டு முடியும்போது ரோட்ஸின் ஆட்கள் அந்தப் பக்கத்திலிருந்தே கிளம்பி இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள டிரான்ஸ்வாலுக்குள் புகுந்து (ஜேம்சன் படையெடுப்பு என்பார்கள்) படுதோல்வி அடைந்தது தனிக்கதை. ரோட்ஸின் செல்வாக்கு அதோடு சரிந்தது. டி பியர்ஸை 1888-இல் உருவாக்கியவரும் இதே ரோட்ஸ்தான், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆபத்து தென்னாப்பிரிக்கா. 1910-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோதே இந்தப் பகுதிகளை என்றாவது ஒருநாள் அதோடு சேர்த்துவிடலாம் என்று சட்டத்தில் இடம் வைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டுகள் அந்தக் கத்தி தலைக்கு மேலேயே தொங்கியது. மூன்றாம் காமாவின் பேரன் செரெட்சே காமா லண்டனில் படிக்கும்போது 1948-இல் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே ஆண்டுதான் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்திருந்தது. பக்கத்து நாட்டில் ஒரு கறுப்பினத் தலைவர் வெள்ளைக்கார மனைவியோடு அரியணையில் உட்காருவதா என்று அவர்கள் குதித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் தங்கமும் யுரேனியமும் பிரிட்டனுக்குத் தேவை. அதனால் சொந்த மண்ணுக்குள் வரக்கூடாது என்று செரெட்சேயைத் தடுத்துவிட்டார்கள், 1956 வரை, அதுவும் தலைமைப் பதவியைத் துறந்த பிறகுதான் விட்டார்கள். பிற்காலத்தில் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனவர் இவர். கோபத்தில் கொள்கை வகுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் வகுத்தது கோபமே இல்லாத கொள்கை.

1966 செப்டம்பர் 30 சுதந்திரம். பிரான்ஸ் அளவு பரப்பு, அதில் பெரும்பகுதி கலஹாரி. தார் ரோடு சில கிலோமீட்டர்தான். இன்னும் விசித்திரம், அதுவரை நாட்டின் நிர்வாகத் தலைநகரமே நாட்டுக்குள் இல்லை. எல்லை தாண்டி தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கில் இருந்தது. கபரோனேயை அவசர அவசரமாகக் கட்டினார்கள். ராணுவம் கிடையாது (1977-இல்தான் ஆரம்பித்தார்கள்). சுற்றிலும் யார் என்று பாருங்கள்: தெற்கே நிறவெறி தென்னாப்பிரிக்கா, மேற்கே அவர்கள் பிடியில் இருந்த நமீபியா, கிழக்கே வெள்ளையர் ஆட்சி ரொடீசியா. ரயில்கூட ரொடீசிய ரயில்வே ஓட்டிய ரயில்.

இந்த நிலைமையில் செரெட்சே வெளிப்படையாகவே ஒன்று சொன்னார்: நிறவெறியை ஏற்க மாட்டோம், ஆனால் பொருளாதாரத் தடை விதிக்க எங்களால் முடியாது, விதித்தால் முதலில் சாவது நாங்கள்தான். ஓடி வந்த அகதிகளுக்கு இடம் கொடுத்தார், கெரில்லாக்கள் முகாம் போட அனுமதி கொடுக்கவில்லை. அப்படியும் அடி விழுந்தது. 1978-இல் லெஷோமாவில் ரொடீசியப் படையின் பதுங்குத் தாக்குதலில் 15 வீரர்கள் செத்தார்கள், 1985 ஜூன் 14-இல் தென்னாப்பிரிக்க ராணுவம் கபரோனேக்குள்ளேயே புகுந்து 12 பேரைக் கொன்றது. இருந்தாலும் ஆத்திரப்பட்டு எல்லையை மூடிவிடவில்லை. கோழைத்தனம் என்று அன்றைக்கு விமர்சித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது, பின்னால் வருவதைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

ஒரே கதவு வழியாக மட்டும் வெளியே போகிற வீட்டில் இருப்பவன் முதலில் என்ன செய்வான்? இரண்டாவது கதவு போடப் பார்ப்பான். வடக்கே கசுங்குலா என்ற இடத்தில் சாம்பேசி ஆற்றில் போட்ஸ்வானாவும் சாம்பியாவும் சுமார் 150 மீட்டர் நீளத்துக்குத் தொட்டுக்கொள்கின்றன. நூற்றைம்பது மீட்டர்! கறுப்பின ஆட்சி நடக்கும் சுதந்திர ஆப்பிரிக்காவோடு அவர்களுக்கு இருந்த ஒரே நிலத்தொடர்பு அதுதான். 1970-இல் அங்கே பாலம் கட்டப்போவதாகச் சொன்னதும், "உங்களுக்குள் பொது எல்லையே கிடையாது" என்று தென்னாப்பிரிக்கா கடிதம் அனுப்பியது. பாலம் நடக்கவில்லை. சரி, பாலம் வேண்டாம், படகுத்துறை இருக்கட்டும் என்று அமெரிக்க உதவி வாங்கி நாட்டா என்ற ஊரிலிருந்து கசுங்குலா வரை சாலை போட்டார்கள். பாலத்துக்கு சம்மதம் கேட்டால் எதிர்ப்பு வரும், ஆனால் அமெரிக்கப் பணத்தில் போடும் சாலையைத் தடுக்க பிரிட்டோரியாவுக்கு (தென்னாப்பிரிக்க அரசுக்கு) அவ்வளவு சுலபமில்லை. 1979-இல் ரொடீசியப் படை படகையே மூழ்கடித்தது, பிறகு திரும்பவும் படகு விட்டார்கள்.

அந்தப் பாலம் கடைசியில் 2021 மே 10-இல் திறந்தது. 923 மீட்டர் நீளம், ஜப்பானும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் கொடுத்த கடன், கட்டியது தென்கொரிய டேவூ. மேலிருந்து படம் பார்த்தால் பாலம் வில் மாதிரி வளைந்து போகும். நேராகக் கட்டினால் ஜிம்பாப்வே எல்லைக்குள் போய்விடும், அதற்காக வளைத்திருக்கிறார்கள். முன்பு லாரிகள் படகுக்காக நாள்கணக்கில் வரிசையில் கிடக்கும். பாலத்துக்கு அவர்கள் ஐம்பது ஆண்டு காத்திருந்ததை யாராவது பொறுமை என்று பாராட்டினால் நான் ஒத்துக்கொள்வேன், ஆனால் அந்த ஐம்பது ஆண்டும் சும்மா இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவைச் சார்ந்திருப்பதைக் குறைக்க 1980-இல் ஒன்பது நாடுகள் லுசாகாவில் கூடி ஒரு அமைப்பு தொடங்கினபோது முன்னால் நின்றவர் செரெட்சே. அந்த ஆண்டே இறந்துவிட்டார். இன்றைக்கு அது சாடெக் என்ற பெயரில் 16 நாடுகளின் கூட்டமைப்பு, தலைமையகம் கபரோனேயில். மேற்கே 1998-இல் கலஹாரியைக் கடந்து நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகம் வரை நெடுஞ்சாலை, அங்கே சொந்தமாக ஒரு உலர் துறைமுகம் (சரக்கை இறக்கி வைத்து அனுப்பும் இடம்).

அப்புறம் பணம். தெற்கு ஆப்பிரிக்க சுங்க ஒன்றியம் 1910-இல் தொடங்கியது, உலகில் இன்றும் இருக்கிற சுங்க ஒன்றியங்களில் பழையது அதுதான். துறைமுகத்தில் வசூலாகும் வரியைப் பங்கு பிரிப்பார்கள். ஆரம்பத்தில் பிரித்த அழகைப் பாருங்கள்: தென்னாப்பிரிக்காவுக்கு 98.7%, பெச்சுவானாலாந்துக்கு 0.28 சதவீதம்கூட இல்லை. சுதந்திரம் கிடைத்த மூன்றே ஆண்டில், 1969-இல், போட்ஸ்வானாவும் லெசோத்தோவும் சுவாசிலாந்தும் சேர்ந்து உட்கார்ந்து அந்தக் கணக்கை மாற்றவைத்தார்கள். நிறவெறி அரசோடு பேசித்தான். வரி விகிதத்தை பிரிட்டோரியாவே தீர்மானிக்கும், எங்கள் தொழில் வளராமல் போகும், அதற்கு நஷ்டஈடாகப் பங்கைக் கூட்டிக்கொடு என்பது வாதம். அப்போது துணை ஜனாதிபதியும் நிதியமைச்சருமாக இருந்தவர் க்வெட் மசீரே. என்னைக் கேட்டால் இந்த நாட்டின் கதையில் போதிய பெயர் கிடைக்காத ஆள் அவர்தான். 1976 ஆகஸ்ட் 23-இல் தென்னாப்பிரிக்க ராண்டை விட்டுவிட்டுச் சொந்த நாணயம் கொண்டுவந்தார்கள். புலா என்று பெயர், அவர்கள் மொழியில் மழை. பாலைவனத்துக்காரன் காசுக்கு மழை என்று பெயர் வைப்பதில் ஆச்சரியம் இல்லை. சில்லறைக்குப் பெயர் தேபே, அதாவது கேடயம்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன், வைரம். ஒராபாவில் வைரம் கிடைத்தது 1967-இல், சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு. அது செரெட்சேயின் சொந்தக் குலத்து நிலம். முந்தைய மரபுப்படி கனிமம் குலத்துக்குச் சொந்தம். அதே 1967-இல் சட்டம் போட்டு எல்லாக் கனிம உரிமையையும் அரசுக்கு மாற்றினார்கள், அவருடைய குலமும் விட்டுக்கொடுத்தது. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் வைரத்துக்காக நடந்த உள்நாட்டுப் போர்களை நினைத்துப் பாருங்கள், இந்த ஒரு சட்டத்தின் மதிப்பு தெரியும்.

டி பியர்ஸோடு முதல் ஒப்பந்தத்தில் அரசுக்கு 15% பங்குதான். 1975-இல் அதை 50% ஆக்கினார்கள். அந்தக் கூட்டுக் கம்பெனிதான் டெப்ஸ்வானா. ஈவுத்தொகை, ராயல்டி, வரி எல்லாம் சேர்த்தால் லாபத்தில் சுமார் 80% அரசுக்கு வருகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1982-இல் ஜ்வானெங் சுரங்கம் திறந்தது, மதிப்பின்படி உலகிலேயே பணக்காரச் சுரங்கம் என்று பெயரெடுத்தது. எண்பதுகளில் சந்தை படுத்தபோது விற்காமல் சேர்த்து வைத்த கற்களை 1987-இல் டி பியர்ஸிடம் கொடுத்து, பணத்தோடு சேர்த்து டி பியர்ஸின் 5 சதவீதத்துக்குச் சற்று மேலான பங்கும் இயக்குநர் குழுவில் இடமும் வாங்கினார்கள். இன்றைக்கு அந்தப் பங்கு 15%. மீதி 85% ஆங்கிலோ அமெரிக்கன் என்ற பெரிய சுரங்க நிறுவனத்தின் கையில்.

ஒவ்வொரு முறை உரிமமோ விற்பனை ஒப்பந்தமோ முடியும்போதும் ஒரு புதுக் கோரிக்கை வைப்பார்கள், அதுதான் அவர்கள் பாணி. 2011 ஒப்பந்தத்தில் கேட்டது: விற்பனையை லண்டனில் நடத்தாதே, இங்கே கொண்டுவா. உலகம் முழுக்கத் தோண்டின டி பியர்ஸ் கற்கள் லண்டனுக்குப் போய்த் தரம் பிரித்து விற்கப்பட்டது பல பத்தாண்டு வழக்கம். 2013 முதல் அது கபரோனேக்கு மாறியது, வியாபாரிகள் ஆண்டுக்குப் பத்து முறை விமானம் ஏறி இங்கே வர ஆரம்பித்தார்கள். சூரத் வியாபாரிகளும்தான். அரசு தனியாக ஒக்கவாங்கோ டயமண்ட் கம்பெனி என்று ஒன்று ஆரம்பித்து டெப்ஸ்வானா கல்லில் 15 சதவீதத்தைத் தானே விற்றது, பிறகு 25%. 2023-இல் ஜனாதிபதி மசிசி, ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவோம் என்று மேடையில் மிரட்டி, கெடு முடிகிற இரவில் கையெழுத்துக்குச் சம்மதிக்க வைத்தார்: அரசு கம்பெனிக்கு 30%, பத்தாண்டில் 50%, சுரங்க உரிமம் 2054 வரை. முறையான கையெழுத்து 2025 பிப்ரவரியில், அதற்குள் மசிசியே தேர்தலில் தோற்றுப் போயிருந்தார்.

இடையில் நல்ல காலத்தில் அவர்கள் கொஞ்சம் சத்தமாகவும் பேசிப் பார்த்தார்கள். செரெட்சேயின் மகன் இயன் காமா ஜனாதிபதியாக இருந்த 2008-2018 காலம். ஜிம்பாப்வேயின் முகாபேயை ஆப்பிரிக்கத் தலைவர்கள் பெரும்பாலும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர் வெளிப்படையாக விமர்சித்தார், 2011-இல் கடாஃபியின் லிபியாவோடும் 2014-இல் வடகொரியாவோடும் உறவை முறித்தார். 2017-இல் தலாய் லாமாவை வரவேற்கப் போய் சீனாவோடு உரசல், உடல்நலம் காரணமாக அந்தப் பயணம் நடக்கவில்லை. சீனாவோடு அவருக்கு ஏற்கனவே கசப்பு உண்டு, சீன நிறுவனம் கட்டிய மொருபுலே பி மின்நிலையம் தொடர்ந்து மக்கர் செய்துகொண்டிருந்தது. கொள்கையாக நான் இதையெல்லாம் மதிக்கிறேன், ஆனால் கஜானா நிரம்பியிருந்ததால் வந்த குரல் அது. யானை விஷயத்திலும் அப்படித்தான், 1,30,000 யானைகள் இருக்கிற நாட்டுக்கு வேட்டையாடிய விலங்கின் தலை, தந்தம் போன்றவற்றை நினைவுப் பொருளாக இறக்குமதி செய்வது பற்றி ஜெர்மனி பாடம் நடத்தப் பார்த்தது, 20,000 யானையை உங்கள் ஊருக்கு அனுப்புகிறேன், அவற்றோடு வாழ்ந்து பாருங்கள் என்றார் மசிசி. கேலிதான், ஆனால் ஒரு வாரம் உலகப் பத்திரிகையெல்லாம் போட்ஸ்வானா பெயர் ஓடியது, காசு செலவில்லாமல்.

நமீபியாவோடு ஆற்றுத்தீவு ஒன்றுக்குத் தகராறு வந்தபோது மட்டும் பழைய பாணி. இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு ஹேகிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1999-இல் தீர்ப்பு போட்ஸ்வானா பக்கம் வந்தது, நமீபியா ஏற்றுக்கொண்டது. 2023 முதல் இரண்டு நாட்டு மக்களும் பாஸ்போர்ட் இல்லாமல் அடையாள அட்டையோடு எல்லை தாண்டுகிறார்கள்.

எல்லாம் நன்றாகப் போனது, ஆய்வகத்தில் செய்யும் வைரம் வந்து சேரும் வரை. 2023 ஜூனில் மோடி வாஷிங்டன் போனபோது ஜில் பைடனுக்கு 7.5 காரட் ஆய்வக வைரத்தைப் பரிசாகக் கொடுத்தார், ஞாபகம் இருக்கிறதா? நமக்கு அது ஒரு செய்திப் படம். கபரோனேயில் இருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் தோண்டும் கல்லைப் பட்டை தீட்டித் தருகிற சூரத்தே போட்டிச் சரக்கையும் செய்கிறது. ஏற்றுமதியில் 80 சதவீதம் வைரமாக இருக்கிற நாடு அது. 2024-இல் பொருளாதாரம் சுமார் 3% சுருங்கியது, டெப்ஸ்வானா உற்பத்தியைக் குறைத்தது. 2024 அக்டோபர் தேர்தலில் சுதந்திரம் முதல் 58 ஆண்டு ஆண்ட கட்சி தோற்றது, வழக்கறிஞர் டுமா போக்கோ ஜனாதிபதி ஆனார். 2025 ஆகஸ்டில் அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்து பொது சுகாதார அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்கா 2025 ஏப்ரலில் அறிவித்த வரி 37%, பிறகு 15 ஆனது. ஆனால் இந்தியாவுக்குப் போட்ட 50 சதவீதமும் இவர்களைத்தான் அடித்தது, கல் சூரத் வழியாகத்தானே அமெரிக்கா போகிறது.

இந்த நிலைமையில்தான் ஆங்கிலோ அமெரிக்கன் டி பியர்ஸை விற்கப்போவதாக அறிவித்தது (2024 மே). 2011-இல், டி பியர்ஸை நீண்டகாலம் நடத்திவந்த ஒப்பன்ஹைமர் குடும்பத்திடமிருந்து 40 சதவீதத்தை 510 கோடி டாலருக்கு வாங்கினார்கள் என்றால் மொத்தக் கம்பெனியின் மதிப்பு 1,200 கோடிக்கு மேல். 2025 பிப்ரவரியில் அவர்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்த மதிப்பு 410 கோடி டாலர். மலிவாகத் தெரிகிறது இல்லையா? போக்கோ பெரும்பான்மைப் பங்கே வேண்டும் என்கிறார். அங்கோலாவும் போட்டியில் இறங்கியிருக்கிறது.

வாங்குவதற்குச் சொல்லப்படும் காரணம் எனக்குப் புரிகிறது. நாளைக்கு யாரோ ஒரு நிதி நிறுவனம் வாங்கி, விளம்பரச் செலவை வெட்டி, சுரங்கத்தைக் கறந்துவிட்டுப் போனால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. ரோட்ஸ் உருவாக்கிய கம்பெனி, ரோட்ஸிடமிருந்து தப்பிக்க லண்டன் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கைக்கு வருவதில் இருக்கிற இனிப்பும் புரிகிறது.

ஆனால் இதுவரை இவர்கள் ஜெயித்த பேரம் ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். 1969-இல் எதிரே பிரிட்டோரியா, 1975-இலும் 1987-இலும் 2011-இலும் 2023-இலும் எதிரே டி பியர்ஸ். கல் இவர்களுடையது, விற்கும் தலைவலி, விலை விழும் ஆபத்து, நியூயார்க்கில் கல்யாண மோதிர விளம்பரம் போடும் செலவு எல்லாம் பெரும்பாலும் அவர்களுடையது. 2023-இல் எழுந்து போய்விடுவேன் என்று மசிசியால் மிரட்ட முடிந்தது எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்ததால்தான். பெரும்பான்மைப் பங்கை வாங்கிவிட்டால் மேசையின் இரண்டு பக்கமும் இவர்களே உட்கார வேண்டும். அதுவும் சொந்தக் காசு இல்லாத நேரத்தில், கடன் வாங்கி, வளைகுடாப் பணத்தைக் கூட்டுச் சேர்த்து. எண்பது சதவீத ஏற்றுமதி ஒரே பொருளில் மாட்டியிருக்கிறது என்று கவலைப்படுகிறவர் அதே பொருளில் இன்னும் சில நூறு கோடி டாலரைப் போடுகிறார்.

என்னிடம் கேட்டால், இருக்கிற 15 சதவீதத்தை 25, 30 ஆக்கி, தங்களுக்குப் பிடிக்காத முடிவைத் தடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டு, மீதியை அங்கோலாவோடும் நமீபியாவோடும் சேர்த்து யாராவது தாங்கட்டும் என்று விட்டுவிடலாம். ஜி7 நாடுகள் ரஷ்ய வைரத்தைத் தடுக்கிறேன் என்று எல்லாக் கல்லையும் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் வழியாக அனுப்பச் சொன்னபோது இந்த மூன்று நாட்டு ஜனாதிபதிகளும் சேர்ந்து எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள், பிறகு கபரோனேயிலும் சான்று வழங்கலாம் என்று ஜி7 இறங்கி வந்தது. ஒரு டாலர் பங்கு வாங்காமல் கிடைத்தது அது. ஏற்கனவே கையெழுத்தான ஒப்பந்தப்படி பாதிக் கல்லை இவர்களே விற்க வேண்டிய நாள் எப்படியும் வரப்போகிறது, வாங்க ஆளில்லாத சந்தையில் அந்தப் பாதியை யாருக்கு விற்பது என்று ஒக்கவாங்கோ கம்பெனி முதலில் கண்டுபிடிக்கட்டும்.